அருவிக்கு மேல் இருந்த கெண்டை

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்துக்குள் தேள் வந்துவிட்டால் பிள்ளைகள் அதை அடிக்கச் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வருவார்கள். அவர் ஒரு கையில் பரீட்சை அட்டையும் மறு கையில் கண்ணாடிக் குடுவையுமாக வந்து, தேளைக் குடுவைக்குள் தள்ளி, அட்டையால் மூடி, சுற்றுச்சுவருக்கு அப்பால் இருந்த கரும்புத் தோட்டம் வரை நடந்து போய் விட்டுவிட்டு வருவார். "கரும்பு வெட்ட வர்றவங்க கால்ல அது கொட்டாதா, அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். அவருக்கு அது தோன்றியே இருக்கவில்லை. அன்று முழுக்க முகம் வாடிக் கிடந்தார். மறுநாளில் இருந்து தேள்களை இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோய், ஆள் நடமாட்டம் இல்லாத கற்குவியலில் விட்டார்.

அவர் விலங்கியல் பேராசிரியை. நான் தாவரவியல், செடிக்கு வலிக்காது என்ற நம்பிக்கையில் பிழைப்பை ஓட்டுகிறவள். ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. என்னைவிட நிறைய வயது மூத்தவர் என்பதால் முதல் வாரத்திலேயே மேடம் போய் அக்கா வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் மீன் மேடம் என்றும் சொல்வார்கள். அது அவருக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும்.

கொல்ல மாட்டார் என்பதால் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. மீன் குழம்பு என்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி மீன் மார்க்கெட்டில் அவர் செய்கிற கூத்தைப் பார்க்க வேண்டும். தொட்டியில் விரால் துள்ளிக்கொண்டிருக்கும். அக்கா குனிந்து, கூச்சத்தோடு கேட்பார். "இதுல எதுனா தானா செத்தது இருக்குதாப்பா?"

மீன்காரர் கத்தியை வைத்துவிட்டுச் சிரிப்பார். "ஊரே உயிரோட இருக்குதான்னு கேட்டு வாங்குது. செத்தது கேட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதாங்க, மேடம்."

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் கணவர் நடத்தியது பூச்சிமருந்துக் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மூட்டை மூட்டையாக உரமும் அலமாரி நிறைய மருந்து டப்பாவும். எப்படி அக்கா சமாளிக்கிறீர்கள் என்று கிண்டல் செய்தால், "அவுரு வித்துக்கினு இருக்காரு, நான் பூச்சிங்க கிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன். குடும்பம்னா அப்டித்தாம்மா" என்பார். கணவர் நல்ல மனிதர். மனைவி வீட்டில் இருக்கும் நேரத்தில் கொசு அடிக்கிற மட்டையை ஒளித்து வைத்துவிடுவார்.

விடுமுறை விட்டால் மற்றவர்கள் திருப்பதிக்கோ ஊட்டிக்கோ போவார்கள். அக்கா வெள்ளிமலை பஸ் ஏறுவார். பல தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். மலையில் செடி பார்க்கலாம் என்பது வீட்டில் சொல்கிற காரணம். அக்கா கட்டி எடுத்து வரும் புளிசாதம்தான் உண்மையான காரணம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலைக்கும் அப்பால் இறங்கி, மரவள்ளிக் காடுகளின் நடுவே நடந்தால் ஓர் ஓடை வரும். அது ஓரிடத்தில் பனைமர உயரத்துக்குக் கீழே விழும். சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத சின்ன அருவி. அருவிக்குக் கீழே ஒரு மடு, மேலே ஒரு மடு.

கீழ்மடுவில் இருந்தது நம் ஏரியிலும் வாய்க்காலிலும் இருக்கிற பொடிக்கெண்டைதான். வெள்ளி உடம்பு, வாலுக்குப் பக்கத்தில் மை வைத்தது போல ஒரு கரும்பொட்டு. மேல்மடுவில் இருந்ததும் கெண்டைதான், ஆனால் பொட்டு கிடையாது. செவுளில் தொடங்கி வால் வரைக்கும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, துடுப்பு ஓரங்களில் சிவப்பு. இரண்டுமே சுண்டுவிரல் நீளம்தான். எனக்கு இரண்டும் குழம்புக்குப் பற்றாத மீன். அக்காவுக்கோ மேலே இருந்தது உலகத்தில் வேறு எங்கும் இல்லாத மீன். சுற்றுவட்டார ஓடைகளில் எல்லாம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தேடிவிட்டார். புத்தகங்களையும் புரட்டிவிட்டார். எதிலும் இல்லை.

பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டபடி அவர் சொன்ன விளக்கம் இப்போதும் நினைவிருக்கிறது.

"அக்கா தங்கச்சி மாதிரிம்மா. எந்தக் காலத்துலயோ ஒரே குடும்பமா இருந்துதுங்க. நடுவுல அருவி வந்துச்சி. கீழ இருக்கறது ஏறி வர முடியாது. மேல இருக்கறது அது பாட்டுக்கு வேற மீனா ஆயிடுச்சி."

"இப்ப ரெண்டையும் ஒரே தொட்டியில வுட்டா சேந்துக்குமா?"

"சேராது. மேல இருக்கறது ஆடி மழையில முட்டை போடும். கீழ இருக்கறது ஐப்பசி வெள்ளம் வந்தாத்தான் போடும். இது கல்யாணத்துக்கு ரெடியாவறப்ப அது தூங்கிக்கினு இருக்கும். அருவியே இல்லன்னு வெச்சிக்கோ, அப்பவும் நடுவுல மூணு மாசம் நிக்குது பாரு, அதான் பெரிய சுவரு."

அந்த மீனுக்குப் பெயர் கிடையாது. கண்டுபிடித்தவர் அவர், பெயர் வைக்க வேண்டியவரும் அவர். ஒரு புது மீனுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் சில மீன்களைக் கொன்று, கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு, ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைக்க வேண்டுமாம். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க அது இருக்க வேண்டும். ஓர் ஆராய்ச்சி இதழுக்குப் போட்டோ அனுப்பிப் பார்த்தார். போட்டோவுக்கெல்லாம் பெயர் வைப்பதில்லை, மீனை வையுங்கள் என்று பதில் வந்தது.

ஒவ்வொரு பயணத்திலும் ஃபார்மலின் புட்டி பைக்குள் இருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் அப்படியே திரும்பி வரும். ஒரே ஒரு முறை நெருங்கி வந்ததைப் பார்த்தேன். மூடியைத் திறந்துவிட்டார். உள்ளங்கையில் மீன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் போனது. கடைசியில் குனிந்து தண்ணீரில் விட்டுவிட்டார்.

"இன்னாக்கா?"

"பாத்துக்கினே இருக்குதும்மா. அதுக்கு இமையே இல்ல, மூடவும் மாட்டேங்குது."

எனக்குக் கோபமே வந்தது. "ஆயிரக்கணக்குல இருக்குதுக்கா. நாலு போனா இன்னா கொறஞ்சிபோவும்?"

"ஒண்ணும் கொறையாது. நீ புடிச்சிப் போடு."

போட்டிருப்பேன். கை நீட்டினேன். அவர் புட்டியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். "அடுத்த தபா பாத்துக்கலாம். தானா செத்தது எதுனா கெடைக்கும்."

தானாகச் செத்தது கிடைக்கவே இல்லை. செத்ததைத் தின்னாமல் ஓடையில் நண்டுகள் வேறு எதற்கு இருக்கின்றன? பிறகு ஒரு யோசனை செய்தார். இரண்டு மீன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது, வயதாகிச் சாகும்போது எடுத்துக்கொள்வது. அதுகளா, கள்ளக்குறிச்சி வெயிலிலும் ராஜபோகமாக வாழ்ந்தன. ஒருவழியாக அவை போய்ச் சேர்ந்த வாரம் அக்கா விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். மனைவியின் சுபாவம் தெரிந்த கணவர் இரண்டையும் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவும் வைத்து, போன் செய்து சொன்னார். "நீ ஒண்ணும் கவலப்படாத. மரியாதையா அடக்கம் பண்ணிட்டேன்."

அக்கா அதை ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது, அக்கா உட்பட.

மழை பொய்த்த ஒரு வருடம் வந்தது. கோமுகி அணையில் சேறு வெடித்துக் கிடந்தது. மலையிலும் அருவி நின்று, பாறையில் ஈரம் மட்டும் வழிந்தது. மேல்மடுவுக்கு ஊற்று உண்டு, அதில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. கீழ்மடு சுருங்கிச் சுருங்கி ஒரு பாயளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பாயளவு தண்ணீரில் பொட்டுக் கெண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. கரையில் கொக்குகள் வரிசையாக நின்றன.

பக்கத்து மரவள்ளிக் காடு சின்னப்பொண்ணுவுடையது. மலைக்காரப் பெண், அக்காவுக்கு ஏறக்குறைய சம வயது. நாங்கள் போகும்போதெல்லாம் அவள்தான் எங்களுக்குச் சுட்ட கிழங்கு தருவாள். அன்று கூடையோடு மடுவுக்கு வந்திருந்தாள்.

"நாளைக்குள்ள காஞ்சிடுங்க, டீச்சரம்மா. கொக்கு துண்றத நாம துண்ணலாம்" என்றாள்.

அக்கா மடுவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஒன் வூட்டுல குடம் இருக்குதா?" என்று கேட்டார்.

அணைக்குக் கொண்டுபோக முடியாது, அதுவே வறண்டு கிடந்தது. பஸ்ஸில் கீழே ஊருக்குக் கொண்டுபோனால் வழியிலேயே செத்துவிடும். எட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது மேல்மடுவில் மட்டும்தான்.

"ரெண்டும் ஒண்ணா கெடந்தா பரவால்லயாக்கா?" என்று நான் கேட்டேன்.

"மழ வர்ற வரைக்கும் தானே. இதுங்க ஐப்பசி வரைக்கும் முட்டை போடாது. அதுக்குள்ள புடிச்சி எறக்கிடலாம்."

அப்படியே செய்தோம். மூன்று பெண்களும் இடுப்பில் குடத்தோடு அருவி ஓரத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி ஏறி இறங்கினோம். கிறுக்கு என்று சின்னப்பொண்ணு வாய்விட்டே சொன்னாள், ஆனால் சுமந்தாள். மேலே குடத்தைக் கவிழ்த்தபோது மீன்கள் ஒரு நொடி திகைத்து நின்று, பிறகு சிதறி ஓடின. அக்கா தண்ணீருக்குள் நின்றபடி கைகொட்டிச் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்து கீழ்மடுவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், சொன்னபடி வலை போட்டு, பொட்டுக் கெண்டைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். அகப்பட்டதையெல்லாம் இறக்கினார். மிச்சம் மீதி ஒன்றிரண்டு இருந்தால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும், சேராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு சில வருடங்கள் மலைக்கே போக முடியவில்லை. கணவருக்கு இதய அறுவை சிகிச்சை, பிறகு எல்லோரையும் வீட்டில் பூட்டி வைத்த அந்த நோய்க்காலம். கல்லூரி மறுபடி திறந்த பிறகு ஒரு நாள் தனியாகப் போய்வந்தார். மறுநாள் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். மேல்மடுவில் பிடித்து உள்ளங்கையில் வைத்திருந்த ஒரு மீனின் படம். செவுளில் தொடங்கிய கோடு பாதி உடம்போடு நின்றுபோயிருந்தது. வாலருகே மங்கலாக ஒரு பொட்டு.

"அழகாத்தானே இருக்குது" என்றேன், புரியாமல்.

"ஆமா. அழகாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் பேசினார். "முட்டை போடற காலம் மீனுக்குள்ளயே இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. அது தண்ணிக்குள்ள இருந்திருக்குது. கீழ்மடு ஐப்பசி வெள்ளத்துலதான் ஏறும், அதனால ஐப்பசியில போட்டுச்சி. மேல ஆடித் தூறலுக்கே ஊத்து பொங்கிடும். இது போட்டப்ப அதுவும் போட்டுடுச்சி. அவ்ளோதான்."

"கலந்து பொறந்தது அதுக்கப்புறம் பெருகாதுன்னு சொல்லுவாங்களே? குதிரையும் கழுதையும் மாதிரி?"

"அதுங்க அதோட நின்னுபோவும். இதுங்க நிக்கல."

அவர் திட்டியிருந்தால், அழுதிருந்தால் எனக்குத் தேவலை. பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வழக்கம் போல எனக்குக் கையசைத்தார்.

மேல்மடு மீன்களின் துடுப்பில் சின்னதாக நறுக்கிய துண்டுகளைத் தெரிந்த ஒருவரின் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அனுப்பிய எல்லாமே கலப்பு என்று பதில் வந்தது. அதற்கும் அவர் அசரவில்லை. மடு பெரியது, அனுப்பியது கொஞ்சம். கலக்காதது எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஒரு ஜோடி கிடைத்தால் போதும் என்றார். ஆனால் அந்த ஜோடி மறுபடி பெருக வேண்டுமானால், மடுவில் இருக்கிற மற்றவை இருக்கக் கூடாது.

"இருக்கக் கூடாதுன்னா?" என்று கேட்டேன்.

"கொல்லணும்" என்றார்.

அந்தச் சொல் அவர் வாயில் இருந்து வந்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஒரு தேளுக்குத் தோட்டம் பார்த்துக் கொடுத்தவர்.

கோடை விடுமுறையில் போனோம். தண்ணீர் குறைந்து மேல்மடு கண்ணாடி போலக் கிடந்தது. அக்கா இரண்டு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பிப் பாறையில் வைத்தார். ஒன்று முழுக்கோடு உள்ளவற்றுக்கு. மற்றது மிச்சம் எல்லாவற்றுக்கும். சின்னப்பொண்ணுவும் அவள் வீட்டுக்காரரும் வலையை இழுத்தார்கள். அக்கா ஒவ்வொரு மீனாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோடு பாதி, பொட்டு பாதி. கோடு முக்கால், ஆனால் பொட்டு. கோடே இல்லை. ஒன்றை மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். முழுக்கோடு, சிவப்பு ஓரம், பொட்டைக் காணோம். முதல் டப்பில் விட்டுவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தார். அது திரும்பி நீந்தியபோது வாலடியில் புகை போல ஒரு நிழல் தெரிந்தது. எடுத்து இரண்டாவது டப்பில் போட்டார்.

வெயில் ஏறியது. மடுவின் மூலை முடுக்கெல்லாம் வலை போனது. கடைசி முறை வலையை இழுத்துக் கொட்டிப் பார்த்துவிட்டு, சின்னப்பொண்ணுவின் வீட்டுக்காரர் வலையைச் சுருட்டினார். முதல் டப்பில் தண்ணீர் மட்டும் இருந்தது. இரண்டாவது டப்பில் மீன்கள் திணறிக்கொண்டிருந்தன. கொல்லத்தான் வந்திருந்தோம். அதற்கான மருந்தையும் அவரே தன் கையால் எடுத்து வந்திருந்தார். நான் அதை எடுத்து நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அக்கா ரொம்ப நேரம் அந்த டப்பைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "இப்ப இதுங்கள யாருக்காக கொல்றது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டப்பை இரண்டு கையாலும் தூக்கி, மடுவில் சாய்த்தார். மீன்கள் வெள்ளிக்காசு கொட்டியது போல இறங்கி மறைந்தன. அவர் அப்படியே பாறையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஓர் ஐம்பது வயது தாண்டிய பேராசிரியை, பட்டப்பகலில், குலுங்கிக் குலுங்கி.

சின்னப்பொண்ணுவுக்கு முதலில் விளங்கவில்லை. "மீனுதான் முன்னவிட ஜாஸ்தியா இருக்குதுங்களே, டீச்சரம்மா. இன்னாத்துக்கு அழுவுறீங்க?"

"இது இல்ல, சின்னப்பொண்ணு. முன்ன இருந்தது. அது போயிடுச்சி. செத்தாலும் ஒரு ஒடம்பு கெடைக்கும், அதுவும் இல்ல. பேரு வெச்சிருந்தா, இன்னது இருந்துச்சி, இப்ப இல்லன்னாவது எழுதலாம். அது கூட வெக்கல நானு. இருந்துச்சின்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

சின்னப்பொண்ணு வீட்டுக்காரருக்குக் கண்ணால் சாடை காட்டிப் போகச் சொன்னாள். அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனதும், பாறையில் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு பேரு வெக்கறதுக்குள்ள போயிடுச்சிங்க. மூத்தது. அப்புறம் மூணு பொறந்து, இப்ப பேரனும் எடுத்துட்டேன். எனக்கு எத்தினி புள்ளன்னு கேட்டா எல்லாரும் மூணுன்னுதான் சொல்லுவாங்க, எங்க வூட்டாளு உட்பட. அது எப்டி இருந்துச்சின்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

அக்கா முந்தானையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். சின்னப்பொண்ணு மடுவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சொல்லுங்க. நான் கேக்கறேன். அது எப்டி இருக்கும்?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சின்னதா இருக்கும்" என்று ஆரம்பித்தார். சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். செவுளில் இருந்து வால் வரைக்கும் கோடு, சிவப்பு, காலை வெயிலில் அது எப்படித் திரும்பும், மழை இறங்கினால் எப்படிக் கூட்டமாக மேலே வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சின்னப்பொண்ணு நடுவில் "ம்" கொட்டினாள். சொல்லி முடித்ததும் அக்கா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னோடது?" என்று கேட்டார்.